உதிராவாடல்

நவம்பர் 18

அகராதிக்காரிக்கு,

பாப்பா என்று எழுதத்தான் பேனா போனது. நிறுத்திக்கொண்டேன். நிறைந்த சபையில் என் மானத்தை வாங்கியவளைக் கொஞ்ச எனக்கு இன்னும் மனசு வரவில்லை. போனில் பேசக் கூடாது என்பது உன் அண்ணன் போட்ட சட்டம். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது. கடுதாசி போட்டுக்குங்க. தபால்பெட்டிக்குப் போறதுக்குள்ள கோபம் பாதி ஆறிடும்" என்கிறார். எனக்கு ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இது தோட்டத்து விஷயம்.

எங்கள் தாவரத் தோட்டத்தின் முன்வாசலை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி திறப்பு விழா. வாசலுக்கு நேர் எதிரே நடுவில் ஒரு நல்ல மரம் வேண்டும் என்று தோட்டக் குழு கேட்டது. பின்கட்டில் நான் விதையிலிருந்து வளர்த்த மரத்தைக் கொடுத்தேன். உனக்கு அதைத் தெரியும். கடல் தாண்டிய ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து உறையில் வந்த விதைகளில் அது ஒன்றுதான் முளைத்தது. இந்த ஊரில் அந்த வகையில் வேறு மரம் கிடையாது. செப்டம்பர் கடைசியில் வேர்மண்ணோடு கிரேன் வைத்துத் தூக்கி வாசலில் நட்டோம்.

இப்போது அதன் இலையெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஒன்றுகூட விழவில்லை. சுற்றியுள்ள மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, இது மட்டும் காய்ந்த இலையோடு சலசலத்துக்கொண்டு நிற்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, பெயர்த்து நட்டதில் செத்துப்போச்சு பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். குழுச் செயலாளர் பிப்ரவரிக்குள் வெட்டிவிட்டு, தொட்டியில் வளர்ந்த அலங்கார மரம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்கிறார்.

குளிர்காலம்தோறும் அந்த மரம் இப்படித்தான் இருக்கும். பின்கட்டில் இருந்ததால் என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. "இது உதிராவாடல் வகைங்க" என்று சொன்னேன். அந்த மனிதர் ஃபைலை மூடிக்கொண்டே, "பட்ட மரத்துக்கு எதுக்கும்மா பட்டம்?" என்றார். அறையே சிரித்தது. உன் சொல்லை வாயில் வைத்த பாவத்துக்கு நான் சிரிப்பாய்ச் சிரிப்பது இது இரண்டாவது தடவை.

அந்தச் சொல்லை உண்டாக்கியவள் நீ. உன் பேருக்குக் குழுவில் மதிப்பு இருக்கிறது. இந்த மரம் உதிராவாடல் வகை, உயிரோடிருக்கிறது என்று உன் பதிப்பகத் தாளில் நாலு வரி எழுதி அனுப்பு. உறவைச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்கு அந்த மரம் வேண்டும், அதனால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டக் கண்காணிப்பாளர்


நவம்பர் 27

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

அண்ணி, இந்த மரியாதையை நீங்கள்தான் ஆரம்பித்து வைத்தீர்கள். நீங்கள் கேட்ட நாலு வரியை என்னால் தர முடியாது.

கடிதத்தைக் கசக்கிப் போடுவதற்கு முன் இதை மட்டும் படியுங்கள். இலையோ இதழோ வாடிய பிறகும் செடியை விட்டு விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இயல்புக்குப் பேர் உதிராவாடல். அவ்வளவுதான் அதன் பொருள். இலை காற்றடித்து விழுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளிர் தொடங்கும்போது மரமே காம்பின் அடியில் மெல்லிய அடுக்கு ஒன்றை உண்டாக்கி இலையை அறுத்து விடுகிறது. உங்கள் மரத்தின் வகை அந்த வேலையைப் பாதியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, வசந்தத்தில் மொட்டுப் பருக்கும்போது மீதியை முடிக்கும். அந்த வகை உதிராவாடல் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இலையோடு இருந்த மரம் சட்டென்று செத்துப்போனாலும் இலை விழாது. அறுப்பதற்கு உள்ளே உயிர் வேண்டுமே. முறிந்து தொங்குகிற கிளையைப் பாருங்கள், அதில் இலை கருகி அப்படியே நிற்கும். அதைப் போய் உதிராவாடல் என்று சொல்லக் கூடாது. அகராதி வெளியீட்டு விழாவில் நீங்கள் சொன்ன வேலிச்செடியும் அதே கதைதான். வெயிலில் செத்துப்போன செடி அது. அதனால்தான் திருத்தினேன்.

உங்கள் மரம் வேரறுத்துப் பெயர்த்து நட்ட மரம். பழக்கத்தால் இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, செத்துப்போனதால் இலை நிற்கிறதா என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்வேன்? சொல் மரத்தின் பழக்கத்தைத்தான் சொல்கிறது. உயிர் இருக்கிறதா இல்லையா என்பது அதன் வேலை இல்லை. அந்தச் சொல்லுக்காக ஒரு பெரிய அகராதிக் குழுவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். "வாடினதுன்னு போட்டாப் போதும்மா, யாருக்குப் புரியப்போகுது" என்றார்கள். புரியும்படி நான் எழுதுகிறேன் என்று சொல்லி, அடம்பிடித்து ஏற்றினேன். அதை என் அண்ணிக்காக நானே வளைத்துக் கொடுத்தால், அப்புறம் அந்தப் புத்தகத்தில் எந்தச் சொல்லை யார் நம்புவார்கள்?

கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது.

தங்கள்,
நாத்தனார்


டிசம்பர் 9

அகராதிக்காரிக்கு,

நாத்தனார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயசு. மடியில் போட்டுப் பேன் பார்த்த தலைக்குள்தான் இவ்வளவு அறிவும் இருந்தது என்று அப்போது தெரியாமல் போய்விட்டது.

உன் சொல்லை வளைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் வார்த்தையை நம்பச் சொல்லிக் கேட்டேன். வருஷக் கணக்காக அந்த மரத்தைத் தினமும் பார்க்கிறவள் உயிரோடிருக்கிறது என்று சொன்னால், உனக்கு அது போதாதா? போதாது போலிருக்கிறது. சரி, சுரண்டினேன்.

முதலில் கைக்கு எட்டிய தெற்குக் கிளை. உள்ளே காய்ந்த பழுப்பு. ஏணி போட்டு ஏறி வடக்குப் பக்கம் சுரண்டினேன். பச்சை என்றும் சொல்ல முடியவில்லை, பழுப்பு என்றும் சொல்ல முடியவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் தலைமைத் தோட்டக்காரர். எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் தோட்டத்தில் அவருக்குப் பேர் கடுகு. "போச்சும்மா. எதுக்கு வீணா ஏறி இறங்குறீங்க, வேற மரம் வச்சுக்கலாம்" என்றார்.

"வாயை மூடிக்கிட்டு ஏணியைப் பிடிங்க" என்றேன்.

அதற்கு மேல் எங்கும் சுரண்டவில்லை. சோதிக்கிறேன் பேர்வழி என்று என் கையாலேயே அதைத் தோலுரிக்க மாட்டேன். ஜனவரி பதினேழாம் தேதி குழு கூடுகிறது. உன் காகிதம் இல்லாமலே போய் நிற்பேன். கெஞ்சவும் மாட்டேன். உன் நேர்மையைப் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்.

அண்ணி


டிசம்பர் 20

அண்ணிக்கு,

காகிதம் தர மாட்டேன் என்றுதான் எழுதினேன். வர மாட்டேன் என்று எங்கே எழுதினேன்? கூட்டத்தில் எனக்குப் பேச நேரம் வாங்கி வையுங்கள். என்ன பேசப்போகிறேன் என்று கேட்காதீர்கள். பொய் பேச மாட்டேன் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படக் கூடாது.

தெற்குக் கிளை பழுப்பு என்று மறைக்காமல் எழுதினீர்கள். நீங்கள் மறைக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களை நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களை நம்புகிறேன் அண்ணி. மரத்தைத்தான் நம்பவில்லை.

இன்னொன்று. இங்கே தபாலைப் பிரித்து மேஜையில் வைப்பது என் உதவியாளர். பேன் கதையை இனி எந்தக் கடிதத்திலும் எழுத வேண்டாம். அந்தப் பெண் இரண்டு நாளாக என் தலையையே பார்க்கிறாள்.

பாப்பா


ஜனவரி 19

பாப்பாவுக்கு,

நேற்று முன்தினம் நீ எழுந்து நின்றாய். "இந்த மரம் உயிரோட இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து வந்து உன் பின்னலைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. செயலாளர் முகத்தைப் பார்த்தாயா? அப்படி ஒரு மலர்ச்சி. சாய்ந்து உட்கார்ந்து பேனாவைக்கூட மூடிவிட்டார்.

"உங்களுக்கும் தெரியாது" என்றாயே, அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நீ பேசியதை உன் அண்ணனுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டேன். இந்த வகை மரம் குளிரில் உயிரோடிருந்தாலும் இப்படித்தான் நிற்கும், செத்தாலும் இப்படித்தான் நிற்கும், அதனால் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்கிறவர் பார்க்கவே இல்லை என்றாய். செயலாளர், விழா இருக்கிறதே, அதுவரை காத்திருக்க முடியுமா என்று இழுத்தார். "அவசரம் உங்களோடதுங்க. மரத்துக்கு அவசரம் இல்ல. மொட்டு விடுற காலம் வரைக்கும் அதுக்கு நேரம் இருக்கு" என்று நீ உட்கார்ந்துவிட்டாய். குரலை உயர்த்தவே இல்லை. நானாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பேன், காரியமும் கெட்டிருக்கும்.

நீ போன பிறகு நடந்ததையும் கேள். ஏப்ரல் ஐந்தாம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் உயிர் தெரியவில்லை என்றால் ஆறாம் தேதி வெட்டு. வெட்டு உத்தரவில் கண்காணிப்பாளரே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று செயலாளர் பிடிவாதம் பிடித்தார். போட்டேன். கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நடுங்கவில்லை.

கூட்டம் முடிவதற்குள் பையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நழுவிவிட்டாய். உன் அண்ணன் பேருந்து நிலையம் வரை ஓடி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். நாலு தெரு தள்ளி வீட்டை வைத்துக்கொண்டு ஏன் வரவில்லை? நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்ததை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. கட்டடப் பொறியாளர் என் காதருகே குனிந்து, "யாருங்க அந்தம்மா?" என்று கேட்டார். எங்க வீட்டுப் பொண்ணு என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அண்ணி


பிப்ரவரி 1

அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்திருந்தால் அழுதிருப்பேன். பேசி முடித்த உடனே அழுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதை அண்ணன் பார்த்தால் ஊரெல்லாம் சொல்வார். அதனால்தான் ஓடினேன்.

அந்த வெளியீட்டு விழாவைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசாமலே மூன்று மாதம் ஓட்டிவிட்டோம். இன்றைக்குச் சொல்கிறேன். நான் சொன்ன திருத்தம் சரி. மைக்கில் சொன்னது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஆளாளுக்கு எழுந்து அட்டை அழகு, தாள் நயம், எழுத்து பெரிது என்று பாராட்டினார்கள். அத்தனை பேரில் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தன் வாயால் பேசியது நீங்கள் ஒருத்தர்தான். என் சொல் முதல் தடவையாக வேறொருவர் வாயில் வருகிறது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வந்த வேகத்தில் தப்பான செடிமேல் போய் உட்கார்ந்ததும் பொறுக்க முடியவில்லை. பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கும்போதே தடுக்கி விழுந்தால் தாய் கத்துவாளே, அப்படிக் கத்திவிட்டேன்.

இனி மரத்து விஷயம். இதைக் கவனமாகப் படியுங்கள். துளிர் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் நடப்பது வேறு. உயிர் இருந்தால், மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதலிலோ பழைய இலை விழ ஆரம்பிக்கும். காம்படியில் மொட்டுப் பருத்து, பாதியில் விட்ட அறுப்பு வேலை முடிந்துதான் விழும். பார்க்கிறவர்கள் கதை முடிந்தது என்பார்கள், நீங்கள் பயப்படாதீர்கள். இலை அப்படியே நின்றால்தான் பயப்பட வேண்டும்.

தெற்குக் கிளையைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாப்பா


மார்ச் 29

பாப்பாவுக்கு,

இலை நிற்கிறது.

மற்ற மரங்களில் எல்லாம் பச்சை வந்துவிட்டது. புல்தரையில் பிள்ளைகள் உருளுகிறார்கள். என் மரம் மட்டும் கல்யாண வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி நிற்கிறது. குளிர் முழுக்க ஒவ்வொரு நாளும் காலையில் வந்து, ஒரு இலைகூட விழவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவள் நான். இப்போது அதே இலையைப் பார்த்து, விழுந்து தொலையேன் என்று வாய்விட்டுத் திட்டுகிறேன். வாசல் காவலாளி என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

நேற்று கடுகு அலுவலக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "இலை விழுந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம், அப்படித்தானே உங்க நாத்தனார் சொன்னாங்க? யாரும் வர்றதுக்கு முன்னாடி நாலு உலுக்கு உலுக்கிவிட்டா முடிஞ்சுதும்மா. செயலாளருக்கு என்ன தெரியப்போகுது" என்றார். டிசம்பரில் வேறு மரம் வைக்கலாம் என்று சொன்ன அதே ஆள். அவருக்கும் அந்த மரத்தின் மேல் பாசம் வந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

"அது தானா விடணும். நாம உலுக்கி விழுந்தா அது நம்ம இலை, மரத்தோட இலை இல்ல. போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, செத்துப்போன மரத்துக்காக எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேனோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. இதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உலுக்கவில்லை என்று படித்ததும் கடிதத்தை உதவியாளருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணி உங்களை மாதிரியே இருக்காங்க மேடம்" என்றாள். நான்தான் அவர்கள் மாதிரி என்று திருத்தினேன்.

மரம் செத்திருந்தால், ஆறாம் தேதி நான் வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். இந்தத் தடவை பின்வாசல் வழியாகப் போக மாட்டேன். சண்டை வீணில்லை. இலை நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஒரு குழுவுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் இதெல்லாம் ஆறுதல் பேச்சு, உங்களுக்கு வேண்டியது மரம் என்று எனக்குத் தெரியும்.

பாப்பா


ஏப்ரல் 9

என் பாப்பாவுக்கு,

நாலாம் தேதி காலையிலேயே உன் அண்ணன் தந்தி மாதிரி இரண்டு வார்த்தை போனில் சொல்லிவிட்டாராமே. அவர் போட்ட சட்டத்தை அவரே மீறிவிட்டார். நடந்ததை முழுசாக நான் சொல்ல வேண்டும்.

காவலாளி அலுவலகத்துக்கு ஓடி வந்தார். "அம்மா, உங்க மரம் கொட்டுதும்மா" என்றார். அவர் குரலில் துக்கம், ஏதோ இழவு சொல்ல வந்தவர் மாதிரி. நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். காற்றே இல்லை. இலை பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஒன்று, கொஞ்சம் பொறுத்து ஒன்று, பிறகு நாலைந்தாக. தாழ்ந்த கிளையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இலை விட்டுப்போன ஒவ்வொரு தழும்புக்கு மேலேயும் செக்கச்செவேலென்று ஒரு மொட்டு, நெல்லளவு. நடைபாதையில் போன ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டு, "விடுங்க, மரம்தானே, வேற வச்சுக்கலாம்" என்று தேற்றினார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. நீ பேசி முடித்ததும் அழுவாய் என்று எழுதினாயே, நான் ஜெயித்ததும் அழுகிற ரகம்.

நீ சொன்னபடியே தெற்குக் கிளை இலையை விடவில்லை. மரம் முழுக்கக் கொட்டிய பிறகும் அது மட்டும் பழுப்பு இலையோடு விறைத்து நின்றது. அது செத்துவிட்டது. யார் யாரோ அந்தக் கிளையைக் காட்டி, அதில் மட்டும் இன்னும் இலை இருக்கிறதே, அது பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். இலை இருப்பதால்தான் அது போய்விட்டது என்று ஒவ்வொருவரையும் நிற்கவைத்து விளக்கினேன். ஆறாம் தேதி நானே ரம்பம் எடுத்து அறுத்தேன். மனசு கஷ்டப்பட்டது. ஆனால் கை சரியாகத்தான் அறுத்தது.

இன்று மத்தியானம் செயலாளர் வந்தார். மொட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆமா, இருக்கு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு. பிறகு தரையைப் பார்த்தார். வாசல் முழுக்கக் கணுக்கால் அளவுக்கு இலை. "நாளைக்கு விழா. காலைல ஆளை விட்டு இந்தக் குப்பையெல்லாம் அள்ளிடச் சொல்லுங்க" என்றார்.

துடைப்பத்தோடு தயாராக நின்ற கடுகை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு இலையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அது குப்பையில்லை, என் மரம் தன் உயிரைக் கொண்டு அறுத்துப் போட்டது. நாளைக்குக் குழுத் தலைவரும் செயலாளரும் அதன் மேல் நடந்துதான் உள்ளே வர வேண்டும். தபாலில் போட்டால் நேரத்துக்குச் சேராது என்று உன் அண்ணனிடமே இதைக் கொடுத்து ராத்திரிப் பேருந்தில் அனுப்புகிறேன். நீ முதல் பேருந்தைப் பிடித்து, அவர்களுக்கு முன்னால் வந்து நட.

அண்ணி